ரோஸ் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்: கர்ப்பகாலமும் பெண்ணின் இதயமும், முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டில் அது கிடைத்தது. மூத்தவளைச் சுமந்த காலத்து ரோஸ் புத்தகம், கர்ப்பிணியின் உடல்நிலையை எழுதிவைக்கும் பதிவேடு. பட்டர்வொர்த் சுகாதார கிளினிக்கில் மிஸிமார் (தாதிகள்) மாதாமாதம் எழுதிக் கொடுத்தது. புரட்டினேன். 34ஆம் வாரத்துக்கு நேராக, சிவப்பு மையில் 158/104. பக்கத்திலேயே சிறுநீரில் புரதம், இரண்டு கூட்டல் குறி.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தனியார் கிளினிக் ஒன்றில் ஒரு புது டாக்டர், "முன்பு ஏதாவது நோய் இருந்ததா?" என்று கேட்டிருந்தார். "ஒன்றும் இல்லை டாக்டர்" என்று சொல்லியிருந்தேன். எனக்கு அப்போது வயது 38. ரத்தக் கொதிப்பு 150ஐத் தாண்டியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டேன். பிள்ளை பிறந்தாயிற்று, கொதிப்பு இறங்கியாயிற்று, அதோடு கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். கர்ப்பத்தில் என்ன நடந்தது என்று அவரும் தனியாகக் கேட்கவில்லை.

நான் டாக்டர் இல்லை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்தப் புத்தகம் கையில் கிடைத்த பிறகு இரண்டு ஆண்டுகளாகப் படித்தும், போகிற இடமெல்லாம் டாக்டர்களையும் மிஸிமாரையும் நச்சரித்தும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசிச் சொல். ஆனால் அவரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது.

இதயத்துக்கு அப்படி என்ன வேலை?

கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. இதயம் ஒரு நிமிடத்தில் இறைக்கும் ரத்தம் 30 முதல் 50 விழுக்காடு வரை அதிகமாகிறது. நாடித்துடிப்பும் நிமிடத்துக்குப் பத்து, இருபது ஏறுகிறது. பினாங்கில் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். கீழே நிற்கும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நூறாவது படியில்தான் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரியும். கர்ப்பம் என்பது மாதக்கணக்கில் அந்தப் படியை ஏறிக்கொண்டே இருப்பது. வால்வில் இருக்கும் பழைய கோளாறு, ரத்தக் குழாயின் பலவீனம், சீனியைக் கையாள முடியாத உடம்பு, இதுவரை மறைந்திருந்த எதுவும் அப்போது வெளியே தலைகாட்டும்.

என் புத்தகத்தில் இருந்ததுபோலக் கொதிப்பு ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் போகும் நிலைக்குப் பிரீஎக்லாம்சியா என்று பெயர். கர்ப்பத்தில் அது வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு, வராதவரைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இதயம் பலவீனமாகிச் செயலிழக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கர்ப்பத்தில் இனிப்பு நீர் (நீரிழிவு) வந்தவருக்கு அது பின்னாளில் நிரந்தரமாகும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து மடங்கு. பயப்பட வேண்டாம். இளவயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது, சிறியதை இரண்டால் பெருக்கினாலும் சிறியதுதான். ஆனால் வயது ஏற ஏற அந்தப் பெருக்கல் கனக்கும். கர்ப்பம்தான் நோயைக் கொடுத்ததா, ஏற்கனவே ஒளிந்திருந்ததைக் காட்டிக் கொடுத்ததா என்று கேட்டால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை எடுத்து எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

படி 1: பிள்ளைக்குத் திட்டமிடும்போதே

கருத்தரிக்கும் முன்பே பார்த்து ஆலோசனை சொல்லும் சேவை அரசு சுகாதார கிளினிக்குகளில் இருக்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கர்ப்பமான பிறகு போகும் இடம்தானே என்று நினைத்துவிடுகிறோம். கொதிப்பு, இனிப்பு நீர், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை: சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி நாள்கணக்கில் காய்ச்சல் வந்ததா? அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சுருங்கிய வால்வு பல பெண்களுக்கு முதல் கர்ப்பத்தில்தான் தெரியவருகிறது. குழந்தையாக இருந்தபோது இதயத்தில் ஓட்டை என்று அறுவைச் சிகிச்சை செய்தார்களா? அம்மாவிடம் கேளுங்கள், அத்தையிடம் கேளுங்கள். "அதெல்லாம் அப்பவே சரியாப் போச்சு" என்பார்கள். சரியாகப் போனதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்திருந்தால் அதையும்.

அடுத்து மாத்திரை. கொதிப்புக்கு நம் ஊரில் சாதாரணமாகத் தரும் பெரிண்டோபிரில், எனலாபிரில் வகையும், லோசார்டான் வகையும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதவை. கொழுப்புக்கான ஸ்டாடின் மாத்திரையையும் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கொதிப்பு எகிறிவிடும். லேபெட்டலோல், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா என்று கர்ப்பத்துக்கு ஏற்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் மாற்றிக் கொடுப்பார். செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் நிபுணரைப் பார்க்காமல் கருத்தரிக்கவே கூடாது.

சில இதய நோய்களில் கர்ப்பமே வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நுரையீரல் ரத்தக் குழாயில் கடுமையான அழுத்தம், மிகச் சுருங்கிய மைட்ரல் வால்வு, இதயத்தின் இறைக்கும் திறன் 30 விழுக்காட்டுக்கும் கீழே போனது, இவையெல்லாம் அந்த வகை. கேட்கக் கஷ்டமாக இருக்கும். "கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, இன்னும் ஒண்ணுமில்லையா?" என்று கேட்கும் உறவுகளுக்கு நடுவே இதைக் கேட்டுவிட்டு வருவது இன்னும் கஷ்டம். கணவரையும் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் அவர்களே கேட்கட்டும்.

படி 2: புத்தகம் திறக்கும் நாள்

12 வாரத்துக்குள் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். "மூணு மாசம் முடியட்டும், கண்ணு படும்" என்று தள்ளிப்போடுவது நம் வழக்கம். ஊருக்குச் சொல்லாமல் இருங்கள், தப்பில்லை. மிஸியிடம் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் அந்த வாரங்களில் ஒரு முக்கியமான முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: ஆஸ்பிரின்.

குறைந்த அளவு ஆஸ்பிரின் பிரீஎக்லாம்சியா வரும் வாய்ப்பைக் குறைக்கும். 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். முன்பு பிரீஎக்லாம்சியா வந்தவர், ஏற்கனவே கொதிப்போ இனிப்பு நீரோ சிறுநீரக நோயோ உள்ளவர், லூபஸ் உள்ளவர் என்றால் ஒரு காரணமே போதும், டாக்டர் கொடுப்பார். முதல் பிள்ளை, நாற்பதை நெருங்கும் வயது, அதிக உடல் எடை, வயிற்றில் இரட்டை, பத்து ஆண்டுக்கு மேல் இடைவெளி, அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ பிரீஎக்லாம்சியா வந்தது, இவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் யோசிப்பார்கள். அவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா டாக்டர்?" ஃபார்மசியில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது.

புத்தகத்தில் ஒட்டும் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை என்றால் சாதாரணக் கவனிப்பு. பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள், நிபுணருக்கு அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் ஒட்டியதைப் பார்த்து அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அது தண்டனை இல்லையம்மா, உங்கள் மேல் இன்னும் நாலு கண் இருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: வீட்டிலேயே கொதிப்பு பார்ப்பது

இதில்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். எனக்கு 34ஆம் வாரத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரமாகவே தலைவலி. பனடோல் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மேல்கையில் கட்டும் கருவியை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது எளிது, ஆனால் அளவு தடுமாறும். கர்ப்பிணிகளுக்கும் சரியாக அளக்கும் என்று சோதித்த கருவியா என்று ஃபார்மசியில் கேளுங்கள். பட்டையின் அளவும் முக்கியம். பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத கொதிப்பைக் காட்டும். வாங்கியதும் ஒருமுறை கிளினிக்குக்கு எடுத்துப்போய் அவர்கள் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அளக்கும் முன்பு அரை மணி நேரம் தேத்தண்ணி, காப்பி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போட வேண்டாம். கையை மேசை மேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். பேசாதீர்கள். நமக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், தெரியும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை அளந்து, இரண்டையும் தேதியோடு எழுதுங்கள்.

140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் அன்றைக்கே கிளினிக்குக்குப் பேசுங்கள். 160/110ஐத் தொட்டால் காத்திருக்கவே கூடாது. பக்கவாதம் வரக்கூடிய அளவு அது. நேராக மருத்துவமனை, இல்லையென்றால் 999.

எண் சாதாரணமாக இருந்தும் கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தால், அப்போதும் போக வேண்டும்:

- பனடோலுக்கும் அடங்காத தலைவலி
- கண்ணில் பூச்சி பறப்பது, மின்னுவது, மங்குவது
- வலது விலா எலும்புக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் வலி
- முகமும் கை விரலும் திடீரென்று உப்பி, மோதிரம் கழற்ற முடியாமல் போவது
- பிற்பகுதி மாதங்களில் புதிதாகத் தொடங்கும் வாந்தி

மூன்றாவதைக் கவனியுங்கள். அதைத்தான் நம் வீடுகளில் "கேஸ்ட்ரிக்" என்று முடிவுகட்டி மருந்து கொடுத்துவிடுவார்கள். நான்காவதற்கு, "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்காம இருக்குமா?" என்று ஒரு பாட்டி பதில் சொல்வார். கால் வீங்குவது பெரும்பாலும் சாதாரணம்தான். ஒரே நாளில் முகம் வீங்குவது சாதாரணம் இல்லை.

படி 4: சீனித் தண்ணீர்

75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.8 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). இதில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால இனிப்பு நீர் என்று மலேசியாவில் கணக்கு. ஆபத்துக் காரணங்கள் உள்ளவர்களுக்கு முதலிலேயே பார்ப்பார்கள், மற்றவர்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள். குமட்டுகிறது என்று பாதியில் கொட்டிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்து குடிக்க வேண்டி வரும், அவ்வளவுதான்.

படி 5: மூச்சு வாங்குவதில் எது சாதாரணம்?

கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதனால்தான் இதயம் தரும் எச்சரிக்கையும் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. மாடிப்படி ஏறினால் வாங்குகிறது, உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது, பேச முடிகிறது, படுக்க முடிகிறது என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

உங்களை நீங்களே இரண்டு கேள்வி கேளுங்கள். தலையணை எத்தனை? ஒன்றில் படுத்தவருக்கு இப்போது மூன்று தேவைப்படுகிறது, மல்லாந்தால் மூழ்குவது போல இருக்கிறது என்றால் அது இதயம் பேசுவது. நடுராத்திரியில் மூச்சுக்குத் திணறி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறீர்களா? அதுவும் அப்படித்தான். கூடவே படுத்தால் வரும் இருமல், இளஞ்சிவப்பு நுரைச் சளி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 110ஐத் தாண்டுவது, மயங்கி விழுவது, நெஞ்சுவலி. இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டர் பார்க்க வேண்டும்.

நெஞ்சுவலி என்றதும் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது நினைவுக்கு வரும். பெண்களுக்கு அப்படியும் வரும், வேறு மாதிரியும் வரும். தாடை வலி, தோள்பட்டைக்கு நடுவே முதுகில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, குமட்டல், காரணமில்லாத பெருஞ்சோர்வு. நம் வீட்டு வைத்தியம் தயாராக இருக்கும்: "காத்துப் பிடிச்சிருக்கு." கோடாலித் தைலத்தைத் தேய்த்து, சுடுதண்ணீர் கொடுத்து, படுக்க வைத்துவிடுவார்கள். தைலம் தேயுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தேயுங்கள். 28 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பா என்று கேட்பவர்களுக்கு: கர்ப்பத்திலும் பேறு முடிந்த முதல் வாரங்களிலும் இதயத் தமனியின் உட்சுவர் தானாகவே கிழிந்து மாரடைப்பு வருவது உண்டு. கொழுப்பு அடைப்பே இல்லாத பெண்ணுக்கும் வரும். அபூர்வம்தான், ஆனால் அந்த வயதில் வரும் மாரடைப்புக்கு முக்கியமான காரணம் இதுதான்.

படி 6: சாப்பாடு

பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டாரை (சோறும் பலவகைக் குழம்பும்) மறக்கச் சொன்னால் யாரும் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள். வாரத்துக்கு ஒருமுறை போங்கள். 'பஞ்சிர்' என்று குழம்பைக் கொட்டச் சொல்லாமல் ஓரமாக ஊற்றச் சொல்லுங்கள், பொரித்த கோழிக்குப் பதில் மீன், கூட வெண்டைக்காய். தே தாரிக்கை (பால் தேத்தண்ணி) 'குராங் மானிஸ்', அதாவது சீனி குறைவாக, என்று தொடங்கி, ஒரு மாதத்தில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு வந்துவிடலாம். எனக்கு மூன்று மாதம் ஆனது.

உப்பில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கர்ப்பிணி உப்பையே விட்டுவிட்டால் பிரீஎக்லாம்சியா வராது என்பது உண்மையில்லை. உப்பில்லாக் கஞ்சி குடித்து வாடத் தேவையில்லை. பெரியவர் யாருக்கும் சொல்லும் அளவுதான்: ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். அந்த ஒரு தேக்கரண்டிக்குள்தான் கருவாடு, ஊறுகாய், கீச்சாப், மேகி தூள் எல்லாம் அடக்கம். சுண்ணாம்புச் சத்து குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அதைக் கூட்டினால் கொதிப்பு வரும் வாய்ப்பு குறைகிறது. கேழ்வரகு, பால், தவ்ஹு, நன்றாகக் கழுவிய நெத்திலி. டாக்டர் மாத்திரை கொடுத்தால் அதையும் சாப்பிடுங்கள்.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு. தாவரவியல் தோட்டம் காலையில் அருமை. கையில் பிளாஸ்டிக் பையோடு மட்டும் போகாதீர்கள், குரங்கு உங்களை ஓட வைத்துவிடும்.

படி 7: பேறும் முதல் பத்து நாளும்

பிள்ளை பிறந்ததும் எல்லார் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். இதயத்துக்கு ஆபத்தான நேரமோ அப்போதுதான். கருப்பை சுருங்கியதும் அங்கே இருந்த ரத்தம் பொது ஓட்டத்துக்குத் திரும்புகிறது. காலில் தேங்கிய நீரும் முதல் இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் வந்து சேர்கிறது. பலவீனமான இதயம் அதைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். கொதிப்போ மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்துவிட்ட நாட்கள் அவை. கர்ப்பத்தில் கொதிப்பே இல்லாதவருக்குக்கூடப் புதிதாகப் பிரீஎக்லாம்சியா அப்போது வரலாம், வலிப்பும் வரலாம்.

ஆகவே வீட்டுக்கு வந்த பிறகும் அளந்துகொண்டே இருங்கள், குறைந்தது பத்து நாள், காலையும் மாலையும். வீட்டுக்கு வரும் மிஸியைத் தொட்டிலை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் கையையும் நீட்டுங்கள்.

இனி பத்தியம். இதைப் பற்றி எழுதினால் அம்மாவுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, மஞ்சள், மிளகு, நல்லெண்ணெய் எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல சாப்பாடுதான். மாற்ற வேண்டியது மூன்று. ஒன்று, தண்ணீரைக் குறைப்பது. "தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்பதற்காகத் தாகத்தோடு இருந்தால் ரத்தம் கெட்டியாகி உறையும் வாய்ப்பு கூடும். பேறு முடிந்த முதல் ஆறு வாரத்தில் காலில் ரத்தக் கட்டி உருவாகும் வாய்ப்பு ஏற்கனவே அதிகம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி கொடுத்திருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள். இரண்டு, 40 நாள் படுக்கை. எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே. மூன்று, வறுத்த கருவாடே மூன்று வேளையும். கொதிப்பு வந்தவருக்கு அது ஆகாது. கோழி சூப்பில் பிராந்தி ஊற்றும் பழக்கம் உள்ள வீடுகளும் உண்டு. அதையும் நிறுத்துங்கள்.

அம்மாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. நான் ஒரு தந்திரம் செய்தேன். ஜீரகமும் ஓமமும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை "மருந்துத் தண்ணி" என்று பேர் வைத்து, நாளுக்கு இரண்டு ஃபிளாஸ்க் குடித்தேன். அம்மாவே கொதிக்க வைத்துக் கொடுத்தார்.

படி 8: ஐந்து மாதம் வரை விழித்திருங்கள்

பேறுகால இதயத் தசை நோய் என்று ஒன்று உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பேறு முடிந்து ஐந்து மாதம் வரை வரலாம். அதுவரை நன்றாக இருந்த பெண்ணின் இதயத் தசை தளர்ந்து, இறைக்கும் திறன் 45 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். களைப்பு, மூச்சு வாங்கல், கால் வீக்கம், ராத்திரி இருமல். பச்சைக் குழந்தைக்காரிக்கு இதெல்லாம் இருக்கும்தானே என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள், டாக்டர்கள்கூடச் சில நேரம் சளி என்று மருந்து எழுதிவிடுவார்கள். படி 5இல் சொன்ன தலையணைக் கணக்கு இங்கேயும் செல்லும். சந்தேகம் இருந்தால், "எனக்குக் குழந்தை பிறந்து இத்தனை வாரம் ஆகிறது, இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பலருக்கு இதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வரலாம் என்பதால், அடுத்த பிள்ளையைப் பற்றி இதய நிபுணரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. பினாங்குப் பொது மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது. சில சிக்கலான நேர்வுகள் கோலாலம்பூரில் 1992இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகத்துக்கும் போவதுண்டு.

படி 9: ஆறாவது வாரம்

இதைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம். பிள்ளைக்கு ஊசி போடப் போவார்கள், தனக்கு இல்லை. தனியார் துறையில் 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். ஆறாவது வாரம் அந்த விடுப்புக்குள்தான் வருகிறது, லீவு கேட்க வேண்டிய கஷ்டம் இல்லை. கர்ப்பத்தில் இனிப்பு நீர் இருந்தால் அன்று மறுபடி சீனித் தண்ணீர். கொதிப்பு இருந்தால் அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும். புரதம் இன்னும் போகிறது என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் அன்றே பேசுங்கள். கொதிப்பு உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதல்ல. வேறு வழிகள் இருக்கின்றன. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய கொதிப்பு மாத்திரைகளும் உண்டு, எனலாபிரில் அதில் ஒன்று. கர்ப்பத்தில் ஆகாது என்றது பால் கொடுக்கும்போது ஆகலாம். அதனால் பாலை நிறுத்துவதற்கோ மாத்திரையை நிறுத்துவதற்கோ முன்பு கேளுங்கள். முடிந்தவரை பால் கொடுங்கள், தாயின் இதயத்துக்கும் அது நல்லது.

படி 10: பிறகு வரும் ஆண்டுகள்

நாற்பது வயது வந்த பிறகுதான் பல இலவசப் பரிசோதனைத் திட்டங்கள் நம்மைக் கூப்பிடும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பேக்கா பி40 திட்டமும் 40 வயதிலிருந்துதான். 27இல் பிரீஎக்லாம்சியா வந்தவர் அதுவரை 13 ஆண்டு சும்மா இருக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை கொதிப்பு பாருங்கள். இனிப்பு நீர் வந்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தச் சீனியும். கொழுப்பு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறக்காமல் இருக்க ஒரு வழி: பிள்ளையின் பிறந்தநாள் வரும் மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேக் வாங்கப் போகும் வாரத்திலேயே கிளினிக்குக்கும் ஒரு நடை.

பிரீஎக்லாம்சியா, கர்ப்பகால இனிப்பு நீர் மட்டுமல்ல, 37 வாரத்துக்கு முன்பே பிள்ளை பிறந்தது, எடை குறைந்து பிறந்தது, திரும்பத் திரும்பக் கரு கலைந்தது, இவையும் பின்னாளில் இதயத்தைப் பற்றிப் பேசும்போது டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியவை. இதில் எதுவும் உங்கள் தப்பு இல்லை. ரத்தக் குழாயின் நிலை பற்றிய தகவல், அவ்வளவுதான்.

ரோஸ் புத்தகத்தின் முக்கியமான பக்கங்களைப் போனில் படம் எடுத்துத் தனிக் கோப்பில் வையுங்கள். கொதிப்பு எழுதிய பக்கம், சீனித் தண்ணீர் முடிவு, நிறம் ஒட்டிய பக்கம், மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது கொடுத்த கடிதம். புத்தகம் தொலைந்துவிட்டது என்றால் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த ஆண்டு, எத்தனையாவது வாரம், எவ்வளவு அழுத்தம், என்ன மருந்து, பிள்ளையின் எடை.

அப்புறம், புதிய டாக்டர் "முன்பு ஏதாவது நோய் இருந்ததா?" என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத டாக்டரிடம் மலாயில் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், மாசா மெங்கன்டோங் டூலு, சாயா அடா டாரா திங்கி." கர்ப்பமாக இருந்தபோது எனக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. இனிப்பு நீர் என்றால் கடைசி இரண்டு சொல்லை மாற்றி 'கென்சிங் மானிஸ்' என்று சொல்லுங்கள்.

போன மாதம் நான் அதைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனையாவது வாரத்தில் என்று கேட்டார்.